வேலியும் காவலும்

(எமது சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

வேலியின் அருமையை வடமராட்சித் தோட்டக்காரனுக்குப் பிறர் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. புயல் ஓய்ந்ததும் அவன் முதலிற் பார்ப்பது வேலியில் எங்கே பொட்டு விழுந்திருக்கின்றது என்பதையே. பொட்டை அடையாமற் பயிருக்கு நீர் இறைப்பவன் ஊர் மாட்டுக்கு இரை வளர்த்தவனாவான். யான் இன்று பேச எடுத்துக்கொண்டதும் ஒரு வேலியைப் பற்றியதே. இளம்பிள்ளை வாதம் நம் பிள்ளைகளை அணுகாமற் காக்கும் வேலி அது.

1962 ஆம் ஆண்டில் இந்நோய் இலங்கையிற் பெருந்தொற்றாய்ப் பரவி ஆயிரத்துக்கு மேற்பட்டோரைத் தாக்கியது. அவ்வாண்டே சொட்டு மருந்து கொடுக்கத் தொடங்கினர். போர் நடந்த காலத்திலும், சொட்டு மருந்து கொடுப்பதற்கென்று சில நாட்கள் துப்பாக்கிகள் ஓய்ந்திருந்தமையைப் பெரியவர்கள் மறந்திரார். 1993 இலேயே இந்நாட்டில் இயற்கைக் கிருமியால் இறுதியாக ஒருவர் பாதிக்கப்பட்டார். 2014 மார்ச் 27 இல் இலங்கை, இந்தியா உள்ளிட்ட தென்கிழக்காசியப் பிராந்தியம் இந்நோய் நீங்கியதென உலக சுகாதார நிறுவனம் சான்று வழங்கியது.

நோய்தான் போயிற்றே, இனிக் காவல் எதற்கு எனச் சிலர் கேட்கலாம். இக்கிருமி தொற்றிய ஏறத்தாழ இருநூறு பேருள் ஒருவருக்கே வாதம் உண்டாகும். ஆகவே கால் தளர்ந்த ஒரு பிள்ளையை நாம் காணும்போது, நோய் தெரியாமலே கிருமியைச் சுமப்போர் ஊரிற் பலர் இருப்பர். அதனால், 15 வயதுக்குட்பட்ட பிள்ளை எவருக்கேனும் கையோ காலோ திடீரெனத் தளர்ந்தால், காரணம் எதுவாயினும் உடனே அறிவித்தல் வேண்டும். தளர்ச்சி கண்ட 14 நாட்களுக்குள், ஒரு நாளேனும் இடைவிட்டு, இரண்டு மலமாதிரிகள் எடுத்துக் குளிர் குறையாமற் கொழும்பிலுள்ள மருத்துவ ஆராய்ச்சி நிலையத்துக்கு அனுப்புவர். இங்கிருந்து அது ஏறத்தாழ 400 கிலோமீற்றர்த் தூரம்.

இளம்பிள்ளை வாதம் இல்லாத நாட்டிலும் வேறு காரணங்களால் இத்தகைய தளர்ச்சி உண்டாகும். ஓரிலட்சம் பிள்ளைகளுக்கு ஆண்டுதோறும் ஒருவரேனும் அவ்வாறு அறிவிக்கப்பட்டாற்றான் காவல் விழித்திருக்கின்றது எனக் கொள்வர். பூச்சியத்தில் இரண்டு வகை உண்டு. தேடியும் காணாமையால் வருவது ஒன்று. தேடாமையால் வருவது மற்றொன்று. காவற்காரன் உறங்கினாலும் களவு நடக்கவில்லை என்ற செய்திதான் வரும்.

2020 இல் வந்த கொரோனாப் பெருந்தொற்று இக்காவலை உலகெங்கும் தளர்த்தியது. ஊரடங்கால் பெற்றோர் வைத்தியசாலைக்குப் போக அஞ்சினர்; ஊழியர்கள் கொரோனாப் பணிக்குத் திருப்பப்பட்டனர்; போக்குவரத்து நின்றது. அவ்வாண்டின் முதல் ஒன்பது மாதங்களில் உலகில் அறிவிக்கப்பட்ட தளர்வாத நோயாளர் தொகை, முந்திய ஆண்டின் அதே காலத்தினும் மூன்றிலொரு பங்கு குறைந்தது. நோய் குறைந்ததால் அன்று, கண்கள் குறைந்ததாலேயே அவ்வாறாயிற்று. நம் நாட்டுக்கோ 2022 இல் எரிபொருட் பஞ்சமும் சேர்ந்தது.

பொட்டு விழுந்தால் என்னாகும் என்பதை உலகம் காட்டிவிட்டது. 2022 இல் இலண்டன் கழிவுநீரிற் கிருமி தென்பட்டது. அவ்வாண்டே நியூயோர்க் மாநிலத்தில் தடுப்பு மருந்து ஏற்றாத ஓர் இளைஞர் வாதமுற்றார். 2024 இல் காசாவில், 25 ஆண்டுகளுக்குப் பின், பத்து மாதக் குழந்தை ஒன்றின் கால் தளர்ந்தது. நம்மவர் சென்று வாழாத நாடு இல்லை. திருவிழாவுக்கும் கலியாணத்துக்கும் அவர்கள் வந்து போகாத ஆண்டும் இல்லை. உறவு வரும் வழியாற் கிருமியும் வரலாம்.

வேலியைத் திரும்ப அடைப்பது எவ்வாறு? வைத்தியசாலைப் பதிவேடுகளைப் பின்னோக்கிப் புரட்டி விடுபட்டோரைத் தேடுதலும், வாராவாரம் அறிக்கை அனுப்புதலும் உத்தியோகத்தர் கடன். எஞ்சியது நம் கடன். பெற்றோரே, பிள்ளையின் கால் துவண்டால் விழுந்திருப்பான், சுளுக்கியிருக்கும் என்று எண்ணெய் பூசி நாள் கடத்தாதீர்கள். அன்றைக்கே மந்திகை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்லுங்கள். பதினான்கு நாள் கழிந்தபின் எடுக்கும் மாதிரி ஐயத்தைத் தீர்க்காமற் போகலாம். பெரியோர்களே, இதனைக் கண்ணூறு என்றோ கர்மவினை என்றோ வீட்டுக்குள் மறைக்க இடங்கொடாதீர்கள்.

இளைஞர்களே! உங்கள் ஒழுங்கையில் உள்ள குழந்தைகளின் சுகாதாரக் குறிப்பேடுகளில் விடுபட்ட தடுப்பு மருந்து உண்டோ எனத் தாய்மாரைப் பார்க்கச் சொல்லுங்கள். இருந்தாற் குடும்பநல உத்தியோகத்தரிடம் அழைத்துச் செல்லுங்கள். மாலை கட்டுவதும் தண்ணீர்ப்பந்தர் வைப்பதும் தொண்டாயின், இதுவும் தொண்டே.

அப்பர் சுவாமிகள் தம் கையில் உழவாரப்படை தாங்கினார். திருவீதியிற் புல் ஒருமுறை செதுக்கினால் மீண்டும் முளையாதிருப்பதில்லை. ஆதலின் அவர் அப்படையைக் கீழே வைக்கவில்லை. நோய் காக்கும் பணியும் அத்தகையதே. அதனை இடைவிடாது செய்ய எல்லாம்வல்ல இறைவன் திருவருள் துணை நிற்பதாக.