பழுதுப் பட்டியலும் விற்பவர் கடமையும்



வீட்டைக் கட்டிப்பார், கலியாணத்தைச் செய்துபார் என்று நம் முன்னோர் கூறினர். வீட்டை விற்றுப்பார் என்பதையும் அவற்றோடு சேர்த்திருக்கலாமென்று எனக்குத் தோன்றுவதுண்டு. விலை பேசி முடிந்த பின்னர், வாங்க விரும்புபவர் மேசனையும் தச்சரையும் அழைத்துவந்து வீட்டை ஆராய்வித்து, இவற்றையெல்லாம் திருத்தித் தாருங்கள் என்று பட்டியல் ஒன்றை நீட்டும் வேளை வரும். அவ்வேளையில் விற்பவர் ஒழுகவேண்டிய முறை யாது என்பது பற்றியே இன்று பேச எண்ணுகின்றேன்.

என் தாயாருக்குச் சீதனமாக வந்த வீட்டைச் சில ஆண்டுகளுக்கு முன் விற்க நேர்ந்தது. கொடுப்பதற்கு எனக்குச் சகோதரிகள் இல்லை. நானோ தொழில் நிமித்தம் வேறூரில் வாழ்பவன். பூட்டிக் கிடக்கும் வீடு கறையானுக்கே சொந்தமாகும் என்பதை அறிவீர்கள். வாங்க முன்வந்தவர் இளைப்பாறிய தபாலதிபர் ஒருவர். பேச்சிலே பணிவும் எழுத்திலே கண்டிப்பும் உடையவர். அவருடன் வந்த மேசனும் தச்சரும் ஒரு முற்பகல் முழுவதும் ஓட்டின்மேல் ஏறியும், வளைகளைத் தட்டியும், கிணற்றை எட்டிப் பார்த்தும் சென்றனர். மறுநாள் ஒன்பது குறைகள் எழுதிய பட்டியல் என் கைக்கு வந்தது. திருத்தச் செலவு 4 இலட்சம் ரூபா என்று அடியிலே குறிக்கப்பட்டிருந்தது.

எனக்குச் சினம் மூண்டது. என் தாய் வாழ்ந்து மறைந்த வீட்டிலே குறை காண இவர் யார் என்று எண்ணினேன். அன்றிரவே காரமான மறுமொழி ஒன்றை எழுதினேன். அதனை வாசித்த என் மனைவி, "உங்கள் மாணவன் ஒருவன் இப்படி எழுதினால், கிழித்துவிட்டு வேறு எழுதிவா என்று சொல்லமாட்டீர்களோ?" என்று கேட்டார். கடிதம் தபாலுக்குப் போகவில்லை. பட்டியல் பேசுவது மரத்தையும் சுண்ணாம்பையும் பற்றியே. நம்மையோ நம்மைப் பெற்றோரையோ பற்றியன்று. இதனை உணர்ந்துகொள்ள ஒருவருக்கு இரண்டொரு நாள் வேண்டும். அந்த நாட்களை எடுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து நானும் எனக்கு நம்பிக்கையான மேசன் ஒருவரை அழைத்து, அதே ஒன்பதையும் மதிப்பிடச் செய்தேன். அவர் சொன்ன தொகை 2 இலட்சத்து 60 ஆயிரம். வாங்குபவரின் மேசன் கூட்டிச் சொல்வதும் விற்பவரின் மேசன் குறைத்துச் சொல்வதும் இயல்பே. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால் நியாயமான தொகை தானே புலப்படும்.

பின்னர் ஒன்பதையும் மூன்று கூறாக்கினேன். உயிருக்கோ உடல்நலத்துக்கோ ஊறு விளைப்பனவும், விலை பேசியபோது கண்ணுக்குத் தெரியாதிருந்தனவும் முதற்கூறு. விறாந்தையின் மேலே உளுத்துப்போயிருந்த வளையும், உறை கழன்ற மின்கம்பிகளும் இதிலே அடங்கும். இவற்றை ஏற்றுக்கொள்வதே முறை. முதல்நாளே யாவரும் கண்டவை இரண்டாங்கூறு. வெடித்த சீமெந்துத் தரையும் துருப்பிடித்த படலையும் அத்தகையன. அவற்றைக் கண்ட பின்னரே விலை பேசப்பட்டதாதலின், இவற்றுக்காக மீண்டும் விலை குறைக்க வேண்டியதில்லை. மூன்றாங்கூறு, குறைகள் அல்ல, விருப்பங்கள். குளியலறைச் சுவருக்குப் பளிங்குக் கல் பதிப்பது புதிதாகக் குடிவருபவரின் ஆசை. அதற்கு விற்பவர் பொறுப்பாளியல்லர்.

எவ்வொன்றுக்கும் காரணம் கூறி, இலக்கமிட்டுப் பணிவாக மறுமொழி எழுதினேன். வாயால் உடன்படுவது போதாது. இந்நாட்டிலே 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டப்படி, காணி விற்பனை எழுத்திலே, நொத்தாரிசு முன்னிலையில், இரு சாட்சிகளோடு நிறைவேற வேண்டும். திருத்தம் பற்றிய இணக்கமும் உறுதி முடிக்குமுன் எழுத்திலே அமைவது இருவருக்கும் நன்று.

திருத்திக் கொடுப்பதா, விலையிலே கழிப்பதா என்று சிலர் கேட்பர். பெரும்பாலும் கழிப்பதே மேல். வீட்டை விட்டுப் போகின்றவன் செய்விக்கும் வேலையில் சிக்கனமே மேலோங்கும். பின்னர் அதுவே பிணக்குக்கு வித்தாகும். ஆபத்து உடனடியானதாயின் மட்டும் நாமே திருத்த வேண்டும். ஆதலின் மின்கம்பிகளை நானே மாற்றுவித்தேன். வளைக்குரிய தொகையை விலையிலே கழித்தேன்.

இவ்வளவோடு காரியம் முடிந்தது என்றே தபாலதிபர் எண்ணினார். ஆனால் பட்டியலில் இல்லாத பத்தாவது குறை ஒன்று இருந்தது. அதனை நான் ஒருவனே அறிவேன். அவர்கள் வந்து பார்த்தது ஆடி மாதக் கோடையில். மார்கழி மழையிலே அக்கிணற்று நீரில் ஒரு வாடை எழும். அந்நாட்களில் என் தாயார் அயல்வீட்டுக் கிணற்றிலிருந்தே குடிநீர் மொண்டு வருவார். மலசலகூடக் குழி கிணற்றுக்கு மிக அண்மையில் இருந்ததே அதற்குக் காரணம். யாழ்ப்பாணத்து நிலத்தின் கீழுள்ளது சுண்ணக்கல். அதன் வெடிப்புகளினூடாகக் கழிவுநீர் எளிதிலே பரவும்.

சொல்வதா, விடுவதா என்று இரண்டு இரவுகள் உறக்கமின்றிக் கழித்தேன். அப்போது பல்கலைக்கழக நாட்களில் படித்த செய்தி ஒன்று நினைவுக்கு வந்தது. உரோமபுரி அறிஞர் சிசரோ, கி.மு. 44இல் கடமைகளைப் பற்றி எழுதிய நூலிலே ஒரு வழக்கைக் கூறுகின்றார். சீலியன் குன்றிலே கிளோடியசு சென்டுமாலசு என்பவனுக்கு ஒரு வீடு இருந்தது. பறவை நிமித்தம் பார்ப்போருக்கு அதன் உயரம் தடையாயிருந்ததால், அப்பகுதியை இடிக்குமாறு அவனுக்கு ஆணை பிறந்தது. அவன் அதனைச் சொல்லாமலே வீட்டை விற்றுவிட்டான். வாங்கியவன் ஆணைக்கு அமைந்து இடித்த பின்னரே உண்மை அறிந்து வழக்கிட்டான். நடுவராயிருந்த மார்க்கசு கேட்டோ, அறிந்திருந்தும் மறைத்தமையால் நட்டத்தை விற்றவனே ஈடுசெய்ய வேண்டும் என்று தீர்த்தார். பொய் சொன்னதற்கு மட்டுமன்றி, மௌனத்துக்கும் விலையுண்டு என்பதே அத்தீர்ப்பின் பொருள். நம் நாட்டிலே காணி விற்பனைக்கு அடிப்படையாயுள்ள உரோம ஒல்லாந்துச் சட்டமும் இவ்வழியிலே வந்ததுதான். உள்ளபடியே விற்கின்றேன் என்று உறுதியில் எழுதினாலும், அறிந்தே மறைத்தவனை அவ்வாசகம் காவாது.

தபாலதிபரிடம் சென்று சொன்னேன். அவர் நெடுநேரம் பேசாதிருந்தார். பேரம் முறிந்தது என்றே நினைத்தேன். பின்னர் அவர், "மாஸ்டர், குழியைத் தள்ளி வெட்ட என்ன செல்லும்?" என்று மட்டும் கேட்டார். அத்தொகையையும் கழித்து உறுதி முடித்தோம். எதிர்பார்த்ததிலும் குறைந்த பணத்தோடுதான் நான் வீடு திரும்பினேன் என்பதை மறைக்கமாட்டேன்.

சென்ற மார்கழியிலே அவ்வழியே போக நேர்ந்தது. படலையில் நின்ற தபாலதிபர் என்னை உள்ளே அழைத்தார். புதுக் குழி வளவின் மறுகோடியில் இருந்தது. கிணற்றை இறைப்பித்து, நீரையும் பரிசோதிப்பித்ததாகக் கூறி, ஒரு செம்பு நீர் கொண்டுவந்து தந்தார். வெளியே மழை பெய்துகொண்டிருந்தது. என் தாயார் மார்கழியில் ஒருநாளும் குடித்தறியாத அந்நீரை நான் தயக்கமின்றிக் குடித்தேன்.