மக்குப் பிள்ளையா, மக்காக்கப்பட்ட பிள்ளையா?



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம், ஆரம்பப் பள்ளியில் பின்தங்கிவிட்ட பிள்ளைகளைப் பற்றியதாகும். மூன்றாம் வகுப்புக்கு வந்தும் ஒரு வரி எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியாத பிள்ளையைப் பார்த்து நம் மக்கள் என்ன சொல்லுகிறார்கள்? "அவன் தலையெழுத்து" என்கிறார்கள். தாயார் ஜாதகத்தைத் தூக்கிக்கொண்டு சோசியனிடம் போகிறாள். தகப்பனார் அர்ச்சனைச் சீட்டு வாங்குகிறார். உபாத்தியாயரோ "மக்கு" என்று பட்டம் கொடுத்துக் கடைசியில் உட்கார வைத்துவிடுகிறார். மூவரும் செய்வது ஒரே காரியந்தான். அதாவது காரணத்தைத் தேடாமல் தப்பித்துக்கொள்வதாகும்.

முதற் காரணம் வயிறு. பசித்த பிள்ளைக்குப் பாடம் ஏறுமா? இதையறிந்துதான் 1920ல் தியாகராயர் தலைமையிலிருந்த சென்னை நகரசபையார் ஆயிரம் விளக்குப் பள்ளியில் பகலுணவு போட்டார்கள். காமராசர் 1956ல் அதைத் தமிழ்நாட்டுப் பள்ளிகளுக்கு விரித்தார். 1982ல் அது சத்துணவாயிற்று. 2022ல் காலைச் சிற்றுண்டியும் வந்தது. சோற்றைக் கண்டு பள்ளிக்கு வந்து படித்து ஆளானவர்களின் தலையெழுத்தை எந்தப் பிரம்மா அழித்தெழுதினான்?

இரண்டாவது காரணம், வீட்டில் சொல்லிக் கொடுக்க ஆளில்லாமை. தலைமுறை தலைமுறையாக "உனக்குப் படிப்பெதற்கு?" என்று தடுத்து வைத்துவிட்டு, இன்று அவர் பேரனுக்குப் படிப்பு வரவில்லை என்று பரிகாசம் செய்வது என்ன யோக்கியதை? 1953ல் ஆச்சாரியார், பிள்ளைகள் தினம் மூன்று மணி நேரம் படித்தால் போதும், மீதி நேரம் அப்பன் தொழிலைப் பழகட்டும் என்று திட்டம் போட்டார். எதிர்ப்பினால் 1954ல் அது ஒழிந்தது. திட்டம் ஒழிந்தாலும் அந்தப் புத்தி ஒழிந்ததா?

மூன்றாவது காரணம், பிள்ளை நிற்குமிடத்தைப் பாராமல் புத்தகம் ஓடுகிற ஓட்டம். "அ" தெரியாதவனுக்குச் செய்யுளை நடத்தினால் என்ன பயன்?

இது நம் வாய்ப்பேச்சல்ல. சோதித்துக் கண்ட உண்மையாகும். 2001 முதல் 2003 வரை பம்பாயிலும் வடோதராவிலும் நகரசபைப் பள்ளிகளில், பின்தங்கிய பிள்ளைகளைச் சுமார் இருபது பேராகப் பிரித்தெடுத்துத் தினம் இரண்டு மணி நேரம் அடிப்படைப் பாடம் சொல்லிக் கொடுத்தார்கள். சொல்லிக் கொடுத்தவர்கள் மகா பண்டிதர்களா? இல்லை. அந்தந்தப் பகுதியிலேயே பள்ளிப் படிப்பு முடித்த பெண்கள். மாதச் சம்பளம் 500 முதல் 750 ரூபாய். உதவி பெற்ற வகுப்புகளையும் பெறாத வகுப்புகளையும் ஒப்பிட்டுப் பார்த்தபோது, அடிமட்டத்திலிருந்த பிள்ளைகளே அதிகம் முன்னேறியிருந்தார்கள். இதை ஆராய்ந்தவர்களில் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுப்லோ ஆகிய இருவரும் 2019ல் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு பெற்றார்கள். கொரோனாவில் பள்ளிகள் மூடிக்கிடந்த பின், 2021ல் நம் சர்க்கார் தொடங்கிய "இல்லம் தேடிக் கல்வி"யும் மாலையில் தெருவுக்கே போய்ப் பாடம் சொன்ன இதே வழிதான்.

ஆகவே தோழர்களே! நம் மன்றங்களில் கொடி ஏற்றினால் மட்டும் போதாது. மாலையில் ஒரு மணி நேரம் விளக்கேற்றிப் பாயை விரியுங்கள். பிள்ளை எந்த எழுத்தில் நிற்கிறதோ அங்கிருந்து தொடங்குங்கள். அடிக்காதீர்கள், மக்கு என்ற சொல்லை வாயிலெடுக்காதீர்கள். படித்த நம் பெண்கள் இதில் முன்வர வேண்டும். பள்ளியில் உபாத்தியாயர் குறைந்தால் சர்க்காரைக் கேளுங்கள். அது பிச்சையல்ல, உரிமை.

இன்று எழுத்துக்கூட்டத் தெரியாமல் பள்ளியை விட்டு ஓடும் பிள்ளை, நாளை டீக்கடையில் கிளாஸ் கழுவும். அதைத்தான் வருணாசிரமம் விரும்புகிறது. நாம் அதற்கு உடந்தையாக இருக்கலாமா என்று யோசித்துப் பாருங்கள் எனக் கூறி, இத்துடன் முடித்துக்கொள்ளுகிறோம்.