தொலைந்த படங்களும் நம் ஊர்ப் பெட்டிகளும்

(வட்டார வள மையத்தில் நடைபெற்ற பணியிடைப் பயிற்சியில் சமூக அறிவியல் பட்டதாரி ஆசிரியை ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மதிய உணவுக்குப் பிறகு பேச அழைத்திருக்கிறீர்கள். சினிமாவைப் பற்றிய பேச்சு என்பதால் யாரும் தூங்கமாட்டீர்கள் என்று நம்பித் தொடங்குகிறேன்.

நம் பள்ளிகளில் சிறார் திரைப்படங்கள் திரையிடுகிறோம் அல்லவா? முதன்முதலில் சார்லி சாப்ளினின் ‘தி கிட்’ படத்தைப் போட்டோம். பேசாத படத்தைப் பிள்ளைகள் பார்ப்பார்களா என்று எனக்குத் தயக்கம் இருந்தது. ஆனால் விழுந்து விழுந்து சிரித்தார்கள். கடைசியில் சிலர் அழுதார்கள். படம் முடிந்து பேசிக்கொண்டிருந்தபோது எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி எழுந்தாள்.

“டீச்சர், இது எந்த வருஷம் எடுத்த படம்?”

“1921.”

“அப்ப நம்ம ஊர்லயும் அந்த மாதிரி பேசாத படம் எடுத்திருப்பாங்கல்ல? அடுத்த மாசம் அதைப் போடுங்க டீச்சர்.”

சரி என்று சொல்லிவிட்டேன். அன்று இரவு தேட உட்கார்ந்தேன். போட முடியாது என்று தெரிந்தது. ஏன் முடியாது என்பதைத்தான் இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ள வந்திருக்கிறேன்.

தென்னிந்தியாவின் முதல் கதைப்படம் ‘கீசக வதம்’. சென்னையில் மோட்டார் உதிரிப்பாக வணிகம் செய்துகொண்டிருந்த நடராஜ முதலியார் எடுத்தது. ‘தி கிட்’ படத்துக்கும் முந்தையது. அதன் ஒரு பிரதிகூட இன்று இல்லை. அது வெளியானது 1917இலா 1918இலா என்பதிலேயே இரு கருத்துகள் இருக்கின்றன. இந்தியாவின் முதல் பேசும்படம் ‘ஆலம் ஆரா’, 1931 மார்ச் 14இல் பம்பாய் மெஜஸ்டிக் திரையரங்கில் வெளியானது. அதுவும் இல்லை. அதே ஆண்டு அக்டோபர் 31இல் வெளியான முதல் தமிழ்ப் பேசும்படம் ‘காளிதாஸ்’. டி.பி. ராஜலட்சுமி தமிழில் பேச, கதாநாயகன் தெலுங்கில் பேசிய விநோதத்தை நாம் எல்லோரும் படித்திருக்கிறோம். ஆனால் அதை இன்று யாரும் பார்க்க முடியாது. 1937இல் வந்து ஓராண்டுக் காலம் ஓடிய பாகவதரின் ‘சிந்தாமணி’யும் கிடைக்கவில்லை.

இந்தியாவில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பேசாப்படங்கள் எடுக்கப்பட்டன. அவற்றில் முழுதாகவும் துண்டாகவும் எஞ்சியிருப்பவை சில பத்துகள்தாம்.

இவை எங்கே போயின?

முதல் காரணம், படச்சுருளே. 1950களின் தொடக்கம் வரை சினிமாச் சுருள்கள் பெரும்பாலும் செல்லுலோஸ் நைட்ரேட் என்ற பொருளால் ஆனவை. அது எளிதில் தீப்பிடிக்கும். எரியும்போது தனக்கு வேண்டிய ஆக்சிஜனைத் தானே வெளியிடுவதால் தண்ணீர் ஊற்றினாலும் அணையாது. தீயிலிருந்து தப்பினாலும் நம் ஊர் வெப்பத்திலும் ஈரத்திலும் பிசுபிசுத்து, ஒட்டிக்கொண்டு, கடைசியில் பழுப்புத் தூளாகிவிடும். 2003 ஜனவரியில் புனேயில் நேர்ந்த தீ விபத்தில், பாதுகாத்து வைக்கப்பட்டிருந்த பழைய நைட்ரேட் சுருள்கள் பல எரிந்துபோயின.

இரண்டாவது காரணம், மனிதர்கள். கறுப்பு வெள்ளைச் சுருளில் வெள்ளி உண்டு. படம் ஓடி முடிந்ததும் சுருளைக் கழுவி வெள்ளியை எடுத்துவிட்டு, மிச்சத்தை வளையல் செய்யவும் பை செய்யவும் விற்றார்கள். தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் 1964இல் புனேயில் தொடங்கப்பட்டது. அதைக் கட்டி வளர்த்தவர் பி.கே. நாயர். அவர் ‘ஆலம் ஆரா’வைத் தேடி, அதை எடுத்த அர்தேஷிர் இரானியிடமே போனார். சில ரீல்கள் இங்கேதான் எங்காவது கிடக்கும் என்றார் முதியவர். பிறகு அவருடைய மகன் நாயரிடம், வெள்ளிக்காகச் சுருள்களைக் கொடுத்துவிட்டது தானே என்று சொன்னார். குடும்பத்தில் அப்போது பணக்கஷ்டம்.

இதைப் படித்தபோது எனக்குச் சுருக்கென்றது. என் சொந்தக் கதையைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

என் அப்பா டூரிங் டாக்கீஸில் ஆபரேட்டராக இருந்தவர். படப்பெட்டி பஸ்ஸில் வந்து இறங்கும். அதைச் சைக்கிளில் வைத்துக் கட்டிக்கொண்டு போவார். அறுந்த துண்டுச் சுருள்களை வீட்டுக்குக் கொண்டுவருவார். ஃபியூஸ் போன பல்பில் தண்ணீர் நிரப்பி, முகம் பார்க்கும் கண்ணாடியால் வெயிலைத் திருப்பி, அப்பாவின் வேட்டியில் நாங்கள் படம் காட்டியிருக்கிறோம். உங்களில் பலரும் இதைச் செய்திருப்பீர்கள், சிரிப்பதிலிருந்தே தெரிகிறது.

அப்பாவிடம் ஒரு டிரங்குப் பெட்டி இருந்தது. பாட்டுப் புத்தகங்கள், மாட்டு வண்டியில் தண்டோராப் போட்டுக் கொடுத்த நோட்டீஸ்கள், தகர டப்பாவில் சில சுருள்கள். அவர் காலமான பிறகு அது என் வீட்டுக்கு வந்தது. எனக்கு மாறுதல் கிடைத்து வீடு மாற்றியபோது பழைய பேப்பர்காரரிடம் கொடுத்துவிட்டேன். காகிதத்துக்கு ஒரு விலை, தகரத்துக்கு ஒரு விலை சொன்னார். “சுருளை என்னம்மா பண்ண?” என்று கேட்டார். “சும்மா எடுத்துட்டுப் போங்கண்ணே” என்றேன்.

அதில் அரிய படம் இருந்தது என்று நான் சொல்லவில்லை. பெரும்பாலும் எல்லோரிடமும் உள்ள படத்தின் துண்டுகளாகத்தான் இருந்திருக்கும். ஆனால் அவை என்னவென்று நான் ஒருநாளும் பார்க்கவில்லை. வகுப்பில் கீழடிப் பானை ஓட்டை முதன்மைச் சான்று என்று பாடம் நடத்துகிற நான், என் வீட்டுப் பெட்டியைத் திறந்துகூடப் பார்க்காமல் கொடுத்தேன். இரானியின் மகனுக்காவது பணக்கஷ்டம் இருந்தது. எனக்கு வீட்டில் இடமில்லை, அவ்வளவுதான்.

சரி, தொலைந்தவை எல்லாம் தொலைந்தே போய்விட்டனவா என்றால், இல்லை. தேடியவர்களுக்குக் கிடைத்திருக்கிறது. எங்கே கிடைத்தது என்று பார்ப்பதுதான் நமக்குப் பாடம்.

1919இல் பால்கே எடுத்த ‘காளிய மர்தன்’ படத்தில் அவருடைய மகள் மந்தாகினி கிருஷ்ணனாக நடித்தாள். அதன் சுருள்கள் துண்டு துண்டாகப் பால்கேயின் குடும்பத்தாரிடம் இருந்தன. நாயர் அவற்றைப் பெற்று, பால்கே எழுதி வைத்திருந்த குறிப்புகளின் துணையோடு வரிசைப்படுத்தினார். அந்தக் குறிப்பு நோட்டை யாரோ எடைக்குப் போட்டிருந்தால் துண்டுகள் துண்டுகளாகவே இருந்திருக்கும்.

அடுத்து நம் பக்கத்துக் கதை. 1933இல் நாகர்கோவிலைச் சேர்ந்த சுந்தர்ராஜ், சி.வி. ராமன் பிள்ளையின் நாவலைக் கொண்டு ‘மார்த்தாண்ட வர்மா’ என்ற பேசாப்படத்தை எடுத்தார். நாவலின் உரிமை தங்களுடையது என்று பதிப்பாளர் வழக்குத் தொடுத்தார், படம் முடங்கியது. பிரதி பதிப்பாளரிடமே கிடந்தது. ஏறக்குறைய 40 ஆண்டுகளுக்குப் பிறகு, 1974இல் அது புனே காப்பகத்துக்கு வந்துசேர்ந்தது. ஊர் ஊராக ஓடிய படங்கள் தேய்ந்து மறைந்தன; வழக்கில் சிக்கிப் பெட்டியில் கிடந்த படம் தப்பியது. தென்னிந்தியப் பேசாப்படங்களில் ஏறக்குறைய முழுமையாகக் கிடைத்திருப்பது இது ஒன்றுதான் என்று திரைப்பட வரலாற்றாளர்கள் சொல்கிறார்கள்.

கல்கத்தாவில் 1919இல் எடுக்கப்பட்ட ‘பில்வமங்கள்’ பாரிஸில் உள்ள சினிமாக் காப்பகத்தில் இருந்தது. அதில் எஞ்சிய 594 மீட்டரின் டிஜிட்டல் பிரதி 2016இல் நம் நாட்டுக்கு வந்தது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நம் பிள்ளைகளுக்கு அவசியம் சொல்ல வேண்டிய கதை இது. 1937 அக்டோபர் 2, காந்தியடிகளின் பிறந்த நாள். அமெரிக்காவிலிருந்து அயர்லாந்துக்குக் கப்பலில் போய்க்கொண்டிருந்த கோட்டையூர் இளைஞர் ஏ.கே. செட்டியாருக்கு, காந்தியைப் பற்றி ஒரு முழுநீள ஆவணப்படம் எடுக்கும் எண்ணம் வந்தது. வயது 25. உலகம் முழுவதும் யார் யாரோ எடுத்து வைத்திருந்த காந்தி காட்சிகளைத் தேடி ஏறத்தாழ ஒரு லட்சம் மைல் அலைந்தார். 50,000 அடி படம் சேர்ந்தது. அதிலிருந்து 12,000 அடியில் உருவான தமிழ்ப்படம் 1940 ஆகஸ்டில் சென்னையில் வெளியானது. தொலைந்த காட்சிகளைத் தேடி அலைந்த அந்த மனிதரின் படமே பிற்பாடு தொலைந்துபோனது. வரலாற்று ஆய்வாளர் ஆ.இரா. வேங்கடாசலபதி பல ஆண்டுகள் தேடினார். 1953இல் ஆங்கிலத்தில் வெளியான சுருக்க வடிவம், அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ அரசுப் பல்கலைக்கழகத்தில் கிடைத்தது. தமிழ் மூலம் அப்படியே நமக்குக் கிடைக்கவில்லை.

இந்தக் கதைகள் எல்லாவற்றிலும் ஒன்று பொதுவாக இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். படம் கிடைத்த இடம் ஒரு வீடு, ஒரு புத்தகக் கடை, ஒரு பல்கலைக்கழகம். அங்கே போய், சரியான ஆளிடம், சரியான கேள்வியைக் கேட்க ஒருவர் இருந்தார். படம் கிடைக்காவிட்டாலும் அதைப் பற்றிய காகிதம் கிடைக்கலாம். அதே கோட்டையூரைச் சேர்ந்த ரோஜா முத்தையா, மற்றவர்கள் குப்பை என்று ஒதுக்கியவற்றைச் சேர்த்தார். இன்று சென்னையில் அவர் பெயரில் உள்ள ஆராய்ச்சி நூலகத்துக்கு உலக ஆய்வாளர்கள் வருகிறார்கள். பிலிம் நியூஸ் ஆனந்தன் தனி ஒருவராகச் சேர்த்த படங்களையும் தகவல்களையும் தமிழக அரசே பெற்றுக்கொண்டது. இல்லாத படங்களைப் பற்றி இன்று நாம் இவ்வளவு பேச முடிகிறதென்றால், அது இப்படிப்பட்ட சேகரிப்புகளால்தான்.

அந்த மாணவிக்கு நான் பதில் சொல்ல வேண்டியிருந்தது. வகுப்பில் நடந்ததை அப்படியே சொன்னேன். என் டிரங்குப் பெட்டியைப் பற்றியும் சொன்னேன். வகுப்பு கொஞ்ச நேரம் அமைதியாக இருந்தது. பிறகு அவளே, “எங்க வீட்டுப் பரண்ல பாக்கவா டீச்சர்?” என்றாள். அப்படித்தான் எங்கள் செயல்திட்டம் தொடங்கியது.

பிள்ளைகள் வீட்டுப் பெரியவர்களிடம் மூன்றே கேள்விகள் கேட்டார்கள். நம் ஊரில் படம் எங்கே ஓடியது? நீங்கள் பார்த்த முதல் படம் எது? அந்தக் காலத்துச் சினிமாத் தாள், புத்தகம், சுருள் ஏதாவது வீட்டில் இருக்கிறதா? இரண்டு மாதத்தில் இரண்டு நோட்டீஸ், ஒரு கிராமஃபோன் தட்டு, அட்டையும் முதல் பக்கங்களும் இல்லாத ஒரு பாட்டுப் புத்தகம் வந்தன. தரை டிக்கெட்டில் மணலைக் குவித்து உட்கார்ந்து படம் பார்த்த ஒரு பாட்டி வகுப்புக்கே வந்து பேசினார். அவரைப் பேச விட்டால் மணி அடித்தாலும் பிள்ளைகள் எழுவதில்லை.

பெயர் தெரியாத அந்தப் பாட்டுப் புத்தகத்தை வைத்துக்கொண்டு பிள்ளைகள் மூன்று வாரம் துப்பறிந்தார்கள். எழுத்துமுறை, அச்சகத்தின் பெயர், பாட்டின் ராகக் குறிப்பு என்று ஒவ்வொன்றாகப் பார்த்துக் கடைசியில் படத்தைக் கண்டுபிடித்தார்கள். தொலைந்த படம் அல்ல, யூடியூபிலேயே இருக்கிறது! ஏமாற்றம்தான். ஆனால் சான்று என்றால் என்ன, ஒரு தகவலை இன்னொன்றோடு ஒப்பிடுவது எப்படி என்பதை நான் பல ஆண்டுகள் கரும்பலகையில் எழுதியும் புரியவைக்க முடியாத அளவுக்கு அந்த மூன்று வாரத்தில் புரிந்துகொண்டார்கள்.

நீங்களும் செய்ய விரும்பினால் சில எச்சரிக்கைகள். பழைய சுருள் கிடைத்தால் மாணவர்கள் கையில் கொடுக்காதீர்கள். அது நைட்ரேட்டாக இருக்கலாம். வெயிலிலோ அடுப்பருகிலோ வைக்காதீர்கள். ஒட்டியிருப்பதைப் பிரிக்க வேண்டாம்; புரொஜக்டரில் ஓட்டிப் பார்க்கவே வேண்டாம். டப்பாவைத் திறந்ததும் காடி நாற்றம் அடித்தால் அது பிற்காலத்து அசிட்டேட் சுருள். கெட்டுக்கொண்டிருக்கிறது என்று பொருள். டப்பாவின் மேல் உள்ள எழுத்தைப் புகைப்படம் எடுத்து, புனேயில் உள்ள காப்பகத்துக்கு எழுதிக் கேளுங்கள். தாள்கள் கிடைத்தால் பசை ஒட்ட வேண்டாம், லேமினேஷன் செய்ய வேண்டாம். படமெடுத்துக்கொண்டு, யார் வீட்டில் எப்போது கிடைத்தது என்று எழுதி, உரியவரிடமே திருப்பிக் கொடுங்கள். “இதை எடைக்குப் போட்டுடாதீங்க பாட்டி” என்று ஒரு வார்த்தையும் சொல்லிவிடுங்கள்.

பழைய பாட்டுப் புத்தகங்களில் கதைச் சுருக்கத்தைப் பாதியில் நிறுத்தி, மீதியை வெள்ளித்திரையில் காண்க என்று போட்டிருப்பார்கள். அந்த மீதியைக் காண இன்று வழியில்லாத படங்கள் எத்தனையோ. அவற்றில் ஒன்றாவது நம் ஒன்றியத்தில் ஏதோ ஒரு பரணில் இருக்கும் என்று நான் உறுதி சொல்ல மாட்டேன். ஆனால் கேட்காமல் விட்டால் நமக்குத் தெரியாமலே போய்விடும். நம் ஒவ்வொரு பள்ளியிலும் நூறு வீட்டுப் பிள்ளைகள் இருக்கிறார்கள். நாயர் நாடெங்கும் அலைந்து தட்டிய கதவுகளை அவர்கள் தினமும் திறந்து மூடுகிறார்கள்.

இன்று வீட்டுக்குப் போனதும் உங்கள் வீட்டுப் பெட்டியை ஒருமுறை திறந்து பாருங்கள். நான் பார்க்காமல் விட்டேன்.