பேரைக் கேட்டீங்களா?

(எபிசோடின் ஒலிவடிவத்தை வாசிப்புக்கு ஏற்றபடி சற்றே சுருக்கித் தந்திருக்கிறோம்.)

போன வாரம் எபிசோட் வரல, மன்னிச்சுக்கோங்க. ரிலீஸ் நேரம், கிட்டத்தட்ட ஆபீஸ்லயே குடியிருந்தேன். இன்னைக்கு டெக் எதுவும் கிடையாது. ஒரு போட்டோவைப் பத்திப் பேசப் போறோம். ஆனா அதுக்கு முன்னாடி நான் எடுத்த ஒரு போட்டோ பத்திச் சொல்லணும்.

ஓ.எம்.ஆர்.ல ராத்திரி ஷிப்ட் முடிஞ்சு வர்றவங்களுக்குத் தெரியும், பன்னெண்டு மணிக்கு மேல தள்ளுவண்டி இட்லிக் கடைதான் நமக்கு அம்மா வீடு. ரெண்டு வருஷம் முன்னாடி, அப்படி ஒரு கடையில அக்கா இட்லிச் சட்டியைத் திறக்குறாங்க, ஆவி மேல வருது, பின்னாடி தெருவிளக்கு. முகத்தைப் புறங்கையால துடைக்கிறாங்க. நான் கிளிக் பண்ணிட்டேன். 'வாழ்க்கையோடு போராடும் பெண்'னு ஒரு கேப்ஷன். இன்ஸ்டாவுல நல்லா போச்சு. ஆபீஸ் போட்டோ போட்டியில முதல் பரிசு, 3,000 ரூபாய் கிஃப்ட் கார்டு.

ஆறு மாசம் கழிச்சு, கடையில வேலை பார்க்குற பையன் அந்தப் போட்டோவை எப்படியோ பார்த்துட்டு, அக்காகிட்ட காட்டிட்டான். அக்கா சத்தம் எல்லாம் போடல. தட்டுல இட்லியை வெச்சுக்கிட்டே கேட்டாங்க: "ஏன் தம்பி, நான் போராடிக்கிட்டா இருக்கேன்? கடை நடத்திக்கிட்டு இருக்கேன்."

எனக்குப் பதில் வரல. அன்னைக்கு ராத்திரி ரூமுக்குப் போய்ப் படிக்க ஆரம்பிச்சதுதான் இந்த எபிசோட்.

பத்து நிமிஷம்

1936, மார்ச். அமெரிக்காவுல பெரும் பொருளாதார மந்தம். டோரதியா லாங்னு ஒரு போட்டோகிராபர். சான் பிரான்சிஸ்கோவுல வசதியானவங்களுக்குப் போர்ட்ரெய்ட் எடுத்துட்டு இருந்தவங்க. ஸ்டுடியோ ஜன்னலுக்கு வெளியே வேலையில்லாதவங்க வரிசை நீளுறதைப் பார்த்துட்டு, கேமராவைத் தூக்கிட்டுத் தெருவுக்கு வந்தவங்க. அப்போ விவசாயக் குடும்பங்களோட நிலையைப் பதிவு பண்ற அரசு வேலையில இருந்தாங்க.

ஒரு மாசம் ஊர் ஊரா சுத்திட்டு, மழையில தனியா கார் ஓட்டிட்டு வீட்டுக்குத் திரும்புறாங்க. கலிஃபோர்னியாவுல நிப்போமோங்கிற ஊர்கிட்ட, பட்டாணி பறிக்கிறவங்க முகாம்னு ஒரு போர்டு. கவனிக்காத மாதிரி தாண்டிப் போயிடுறாங்க. ஆனா மனசு கேக்கல. 20 மைல் போனதுக்கு அப்புறம் யூ-டர்ன் போட்டுத் திரும்பி வர்றாங்க.

குளிர்ல பயிர் கருகிப் போயிருக்கு. பறிக்கப் பட்டாணி இல்ல, அதனால கூலியும் இல்ல. ஒரு கிழிஞ்ச கூடாரத்துல ஒரு அம்மா, சுத்தி பிள்ளைங்க. லாங் கிட்டப் போய் சில படங்கள் எடுத்தாங்க. மொத்தமே பத்து நிமிஷம். கடைசியா எடுத்ததுதான் நம்ம எல்லாரும் பார்த்திருக்கிற படம்: ரெண்டு பிள்ளைங்க முகத்தைத் திருப்பி அம்மா தோள்ல சாஞ்சிருக்கும், மடியில கைக்குழந்தை, அம்மா கன்னத்துல கையை வெச்சு எங்கேயோ பார்த்துட்டு இருப்பாங்க. 'மைக்ரன்ட் மதர்'. புலம்பெயர்ந்த தாய்.

அந்தப் பத்து நிமிஷத்துல வயசு என்னன்னு கேட்டாங்க. 32. எத்தனை பிள்ளைங்கன்னு குறிச்சுக்கிட்டாங்க. ஏழு. பேரைக் கேக்கல.

படங்கள் சான் பிரான்சிஸ்கோ பத்திரிகைக்குப் போச்சு. சில நாள்லயே அரசாங்கம் அந்த முகாமுக்கு 20,000 பவுண்டு உணவு அனுப்புச்சு. கிலோவுல சொன்னா 9,000. ஒரு போட்டோ, ஒரு முகாமுக்கே சோறு போட்டிருக்கு! லைக், ஷேர் எல்லாம் இதுக்கு முன்னாடி என்னங்க?

ஆனா அந்த லாரி வர்றப்போ, படத்துல இருந்த குடும்பம் அங்கே இல்ல. வேலை தேடி அடுத்த ஊருக்குப் போயாச்சு.

காலியா இருந்த கட்டம்

எக்செல் ஷீட்டா நினைச்சுப் பாருங்க. எடுத்தவர்: டோரதியா லாங். இடம்: நிப்போமோ. வருஷம்: 1936. எடுக்கப்பட்டவர்? அந்தக் கட்டம் 42 வருஷம் காலியா கிடந்துச்சு.

1978-ல மொடெஸ்டோ ஊர்ப் பத்திரிகை மூலமாத்தான் தெரிய வருது, அந்தப் படத்துல இருக்கிறது யாருன்னு. அவங்க பேரு ஃப்ளோரன்ஸ் ஓவன்ஸ் தாம்சன். அப்போ அவங்க ஒரு டிரெய்லர் வீட்டுல இருந்தாங்க. அவங்க கோபத்தைச் சுருக்கமா சொல்றேன்: என் பேரைக் கேக்கல. படத்தை விக்க மாட்டேன்னு சொன்னாங்க. ஒரு காப்பி அனுப்புறேன்னாங்க, அதுவும் வரல. எனக்கு ஒரு பைசா கிடைக்கல. எடுக்காமலே இருந்திருக்கலாம்.

விஷயம் பணத்தோட முடியல. சோத்துக்காகக் கார் டயரை வித்துட்டாங்கன்னு லாங் எழுதியிருந்தாங்க. குடும்பம் அதை மறுத்துச்சு. கார் ரிப்பேர்னு பசங்க பார்ட்ஸ் வாங்கப் போயிருந்தாங்க, டயரை வித்துட்டு எப்படி ஊர் மாற முடியும்னு கேட்டாங்க. இன்னொண்ணு, புழுதிப்புயல்ல நிலம் இழந்து ஓடிவந்த வெள்ளைக்கார விவசாயி குடும்பம்னுதான் ஊரே இந்தப் படத்தைப் பார்த்துச்சு. ஆனா அவங்க செரோக்கி பழங்குடிப் பெண். புழுதிப்புயலுக்கு முன்னாடியே, 1920-கள்லயே கலிஃபோர்னியா வந்தவங்க. முகம் உலகத்துக்கே தெரிஞ்சுபோச்சு, வாழ்க்கையை மட்டும் வேற யாரோ எழுதிட்டாங்க.

இதைப் படிச்சப்போ இட்லிக் கடை அக்கா ஞாபகம்தான் வந்துச்சு. நானும் கேப்ஷன்ல என் கதையைத்தானே எழுதினேன்?

அப்போ லாங் வில்லியா?

அப்படி ஈஸியா முடிச்சிட முடியாது. படம் அரசு சம்பளத்துல எடுத்தது, அதனால யார் வேணும்னாலும் பயன்படுத்தலாம். லாங்குக்கும் ராயல்டி கிடையாது. பேரும் புகழும் வந்துச்சு, அது உண்மை. அவங்க 1965-லயே இறந்துட்டாங்க. அந்தப் படத்தோட ஒரு பழைய பிரின்ட் 1998-ல ஏலத்துல 2,44,500 டாலருக்குப் போச்சு. அதைப் பார்க்க ரெண்டு பேருமே உயிரோட இல்ல.

1960-ல லாங் எழுதின ஒரு கட்டுரை இருக்கு. இந்தப் படம் தனக்கு உதவும்னு அந்தப் பெண் நம்பின மாதிரி இருந்துச்சு, அதனாலதான் ஒத்துழைச்சாங்க, அதுல ஒரு சமமான கொடுக்கல் வாங்கல் இருந்துச்சுன்னு எழுதுறாங்க. மனசாரத்தான் எழுதியிருப்பாங்க. பிரச்சினை என்னன்னா, அந்தக் கொடுக்கல் வாங்கல் சமமா இருந்துச்சான்னு ஒரு ஆள்தான் முடிவு பண்ணியிருக்காங்க. இன்னொரு ஆளை யாரும் கேக்கல.

கதை இன்னும் முடியல. 1983-ல தாம்சனுக்கு உடம்பு முடியாமப் போச்சு. செலவுக்குப் பணம் இல்ல. பிள்ளைங்க பத்திரிகை மூலமா உதவி கேட்டாங்க. 2,000-க்கும் மேல கடிதங்கள், 35,000 டாலருக்கும் மேல பணம். அந்தப் படத்தைப் பார்த்து வளர்ந்தவங்க அனுப்பினது. அம்மாவோட படம் இத்தனை பேரைத் தொட்டிருக்கான்னு பிள்ளைங்களுக்கே அப்போதான் புரிஞ்சுது. அந்த செப்டம்பர்லயே தாம்சன் இறந்துட்டாங்க. கல்லறையில அவங்க பேரோட 'மைக்ரன்ட் மதர்'னும் பொறிச்சிருக்கு.

ஆக, போட்டோ எடுத்தது தப்புன்னு என்னால சொல்ல முடியல. லாங் திரும்பி வராம இருந்திருந்தா அந்த முகாமுக்கு லாரி வந்திருக்காது. ஆனா பேரைக் கேட்டிருந்தா, காப்பி அனுப்பியிருந்தா, படத்தோட பலம் ஒரு துளிகூடக் குறைஞ்சிருக்காதே!

கேமரா கை மாறும்போது

நம்ம ஊர்லயே இதை வேற மாதிரி செய்ற ஒருத்தர் இருக்கார். எம். பழனி குமார், மதுரைக்காரர். மலம் அள்ளும் தொழிலாளர்களைப் பத்தின 'கக்கூஸ்' ஆவணப்படத்துக்கு ஒளிப்பதிவு செஞ்சவர். இப்போ கிராமப்புற வாழ்க்கையைப் பதிவு பண்ற 'பாரி' தளத்துல போட்டோகிராபர். அவரோட அம்மாவே மீன் விக்கிறவங்க. அம்மாவையும் அவர் படம் எடுத்திருக்கார். உழைக்கிற வீட்டுல இருந்து வந்த ஒருத்தர், உழைக்கிறவங்களை எடுக்கிறார்.

அதோட நிக்கல. உழைக்கும் குடும்பத்துப் பிள்ளைங்களுக்கும் மீனவப் பெண்களுக்கும் போட்டோகிராபி சொல்லித் தர்றார். அந்தப் பிள்ளைங்க எடுத்த படங்கள் அவங்கவங்க பேரோட வருது. லாங் கதையில காலியா இருந்த கட்டம் இங்கே நிரம்பியிருக்கு. அதுவும் 'எடுத்தவர்'ங்கிற இடத்துல!

இட்லிக் கடைக்குத் திரும்பினேன்

அந்தக் கேப்ஷனை எடுத்துட்டேன். மறுபடி கடைக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். கிஃப்ட் கார்டு காசை அக்காகிட்ட நீட்டினேன். வாங்கல. "காசு வேணாம் தம்பி. நல்லா ஒரு போட்டோ எடுத்துக் குடு"ன்னாங்க.

ஞாயித்துக்கிழமை சாயங்காலம் வரச் சொன்னாங்க. பட்டுப்புடவை, தலையில பூ, பக்கத்துல பி.காம். படிக்கிற பொண்ணு, பின்னாடி புதுசா பெயின்ட் அடிச்ச வண்டி. ரெண்டு பேரும் நேரா கேமராவைப் பார்த்து விறைப்பா நிக்கிறாங்க. லைட் சுமார், காம்போசிஷன் சுமார். எந்தப் போட்டியிலயும் பரிசு வாங்காது. பிரின்ட் போட்டு லேமினேட் பண்ணிக் குடுத்தேன். இப்போ வண்டியில, விலைப்பட்டியலுக்குப் பக்கத்துல தொங்குது.

இந்த எபிசோட்ல உங்களைப் பத்திச் சொல்லலாமான்னும் கேட்டேன். "சொல்லு தம்பி, பேரு மட்டும் வேணாம்"னாங்க. அதனால சொல்லல. ஆனா இப்போ எனக்கு அவங்க பேர் தெரியும்.

உங்க போன்லயும் இப்படி ஒரு போட்டோ இருக்கலாம். டீக்கடைத் தாத்தாவோ, பூக்காரம்மாவோ. முடிஞ்சா இந்த வாரம் ஒரு பிரின்ட் போட்டு எடுத்துட்டுப் போய்க் குடுங்க. அவங்க என்ன சொன்னாங்கன்னு எனக்கு வாய்ஸ் நோட் அனுப்புங்க. அவங்க சரின்னா மட்டும் அடுத்த எபிசோட்ல போடுறேன்.

அடுத்த வாரம் பார்ப்போம் மக்களே. ரிலீஸ் எதுவும் வராம இருந்தா!