தப்பும் திருவிருந்தும்

(கெலிஓயாவில் தோட்டக் குடும்பங்களுக்காக நடந்த ஒளி விழாக் கூட்டத்தில், தோட்ட நலன்புரி உத்தியோகத்தர் ஒருவர் ஆற்றிய உரை)



எனக்குக் கொடுத்த தலைப்பு, "கிறிஸ்தவ இறையியலும் இன்றைய சபை வாழ்வும் பண்பாடும்." பிலிமத்தலாவை இறையியல் கல்லூரியில் படித்த ஐயர்மார் பேச வேண்டிய விஷயம் இது. கொப்பியும் கையுமாக லயத்துக்கு லயம் திரிகிற என்னை ஏன் கூப்பிடுகிறீர்கள் என்று கேட்டேன். "உங்களுக்குத் தெரிஞ்சதைப் பேசுங்க" என்றார்கள். எனக்குத் தெரிஞ்சது மலை, பிள்ளை மடுவம், கலியாண வீடு, சாவு வீடு. அதனால் இந்தப் பெரிய தலைப்பை ஒரு சின்னச் சாமானை வைத்துப் பேசுகிறேன். அந்தச் சாமான் தப்பு.

பின்வரிசையில் சிரிக்கிறாங்க. தப்பு என்றால் பிழை என்றும் அர்த்தம் இருக்கிறதே, அதுதான் சிரிப்பு. மத்தளம் என்று சொல்லியிருந்தால் யாரும் சிரித்திருக்க மாட்டார்கள். அந்தச் சிரிப்பு எங்கேயிருந்து வருகிறது என்பதுதான் இன்றைய பேச்சு.

இங்கே வந்திருப்பவர்களில் பாதிப் பேருக்கு மேல் இந்துக்கள். கிறிஸ்தவக் கோயில் விவகாரம் நமக்கு எதற்கு என்று நினைக்க வேண்டாம். மாரியம்மன் திருவிழாவில் தப்பு முன்னாலே போகும். அதை அடிக்கிறவர் எந்த இடத்தில் நின்றுகொள்ள வேண்டும் என்பதும் உங்களுக்குத் தெரியும். இந்த விஷயத்தில் இரண்டு பக்கமும் ஒரே வீட்டுக்காரர்கள்தான்.

நம்ம பாட்டன் காலத்தில் விடியற்காலையில் ஆளை எழுப்பிப் பிரட்டுக்குக் கூப்பிட்டது இந்தத் தப்புத்தான். சி. வி. வேலுப்பிள்ளை ஆங்கிலத்தில் எழுதி, சக்தி பால அய்யா தமிழாக்கிய தேயிலைத் தோட்டப் பாட்டிலும் அந்த விடியற்காலை ஒலி வருகிறது. காமன் கூத்துக்குத் தப்பு வேண்டும், அருச்சுனன் தபசுக்கும் வேண்டும், பிணம் எடுக்கவும் வேண்டும். ஆள் பிறந்ததில் இருந்து குழியில் இறங்கும் வரை கூடவே வருகிற சத்தம் அது. கோயில் வாசலுக்கு வந்ததும் மட்டும் நின்றுவிடும்.

ஏன் நின்றது? மலைநாட்டில் தமிழர் மத்தியில் சபை வேலை கோப்பிக் காலத்திலேயே ஆரம்பமாகிவிட்டது. 1854 அளவில் கண்டிப் பக்கத்துத் துரைமார் சிலரும் சேர்ச் மிஷனரிச் சங்கத்தாரும் சேர்ந்து அந்த மிஷனைத் தொடங்கினார்கள். அதற்கு வைத்த பெயரிலேயே "கூலி" என்ற சொல் இருந்தது. பிற்காலத்தில்தான் அதை மாற்றினார்கள். திருநெல்வேலியில் இருந்து உபதேசியார்கள் வந்தார்கள். தோட்டம் தோட்டமாக நடந்தார்கள், பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தார்கள். அந்த நன்றியை மறக்கக் கூடாது. ஆனால் அவர்கள் கொண்டு வந்த பாட்டு ஒன்று வெள்ளைக்கார மெட்டு, இல்லாவிட்டால் தஞ்சாவூர்க் கீர்த்தனை. லயத்துப் பாட்டு இரண்டிலும் இல்லை.

தஞ்சாவூரைச் சொன்னதால் ஒரு பழைய கதையும் சொல்ல வேண்டும். வேதநாயக சாஸ்திரியார் பெரிய புலவர். தமிழ்க் கிறிஸ்தவர்களுக்குத் தமிழ் இராகத்தில் பாட்டுக் கொடுத்தவர். அதே சாஸ்திரியார், 1820களின் கடைசியில் கோயிலுக்குள்ளே சாதி வழக்கத்தை விடச் சொன்ன மிஷனரிமாரை எதிர்த்தும் எழுதினார். 1833 இல் கல்கத்தா ஆயர் தானியேல் வில்சன், சபைக்குள் சாதி வேற்றுமை இனி ஒரு நாளும் கூடாது என்று சுற்றுநிருபம் அனுப்பினார். தஞ்சாவூரில் பல குடும்பங்கள் சபையை விட்டே விலகி நின்றன. ஒரே பாத்திரத்தில் திருவிருந்து எடுக்க முடியாது என்பதுதான் அவர்களுக்கு இடித்தது.

பாருங்க, தமிழ்ப் பாட்டு வேண்டும் என்றதும் நம்ம பண்பாடு, கூட உட்கார மாட்டேன் என்றதும் நம்ம பண்பாடு. இரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டி வைத்திருந்தார்கள். அந்த மூட்டையை அவிழ்த்து எதை உள்ளே எடுக்கலாம், எதை வெளியே போடணும் என்று பார்க்கிற வேலைக்குத்தான் இறையியல் என்று பெயர். எனக்கு விளங்கிய மட்டில் அவ்வளவுதான்.

சிங்களச் சகோதரர்கள் இதில் நமக்கு முந்திக்கொண்டார்கள். கண்டி திரித்துவக் கல்லூரி ஆலயத்தைப் பார்த்திருப்பீர்கள். 1935 இல் பிரதிஷ்டை செய்தது. செதுக்கிய கல் தூண்கள், கண்டிக் கூரை. தூரத்தில் இருந்து பார்த்தால் பழைய இராசதானிக் கட்டடம் மாதிரி. உள்ளே டேவிட் பெயின்டர் வரைந்த சுவர் ஓவியங்களில் இயேசுவுக்குத் தாடி இல்லை, சுற்றி நிற்பவர்கள் நம்ம நாட்டு முகங்கள். 1950 இல் குருநாகலுக்கு முதல் ஆயராக வந்த லக்தாச டி மெல், சிங்கள இசையையும் மேளத்தையும் வழிபாட்டுக்குள் கொண்டு வந்தவர்களில் முன்னணியில் இருந்தவர். தேவார் சூரியசேனா சிங்கள மெட்டுகளில் ஆராதனை இசை அமைத்தார். கத்தோலிக்கத் திருச்சபையும், இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963 இல் வழிபாட்டைப் பற்றி வெளியிட்ட ஏட்டில், அந்தந்த மக்களுடைய இசைக்கு மதிப்பும் இடமும் கொடுக்கச் சொன்னது.

அதற்கும் முந்தியது எம்பெக்கே தேவாலை. இங்கிருந்து தூரமில்லை, வெளிநாட்டுக்காரர் வந்து படம் பிடிக்கிற அந்த மரத்தூண்கள் இருப்பது எந்த மண்டபத்தில் தெரியுமா? மேளகாரர் மண்டபத்தில். சிங்களச் சமூகத்திலும் மேளம் அடிக்கிற சாதியைத் தாழ்வாகத்தான் வைத்திருந்தார்கள், அதையும் சொல்ல வேண்டும். ஆனாலும் உள்ளதில் நல்ல தச்சு வேலையை மேளம் அடிக்கிற இடத்துக்குச் செய்து வைத்தார்கள். நாம் தப்பு அடிக்கிறவருக்கு லயத்துக் கோடியைக் காட்டினோம்.

இனி வேதத்துக்கு வருகிறேன். யாத்திராகமம் 15 ஆம் அதிகாரத்தில் ஒரு அம்மா வருகிறார், மிரியாம். எகிப்தில் அடிமை வேலை செய்த சனம் கடலைத் தாண்டி வந்ததும், அவர் வாத்தியம் ஒன்றைக் கையில் எடுக்கிறார், மற்றப் பெண்களும் எடுத்துக்கொண்டு பின்னாலே ஆடிப் போகிறார்கள். நம்ம பழைய தமிழ் வேதாகமத்தில் அந்த வாத்தியத்துக்குப் போட்டிருக்கும் சொல் "தம்புரு". நானும் ரொம்பக் காலம் தம்பூரா மாதிரி நரம்பு கட்டிய ஏதோ ஒன்று என்றுதான் நினைத்திருந்தேன். ஒரு ஐயரிடம் கேட்டபோது விளக்கம் சொன்னார். எபிரெய மொழியில் அது "தோப்". வட்டமான மரச் சட்டம், ஒரு பக்கம் தோல், கையால் அடிக்கிறது. 150 ஆம் சங்கீதத்திலும் அதே வாத்தியம் வருகிறது.

வட்டச் சட்டம், ஒரு பக்கம் தோல். நம்ம தப்பு வேறென்ன? கையால் அடிக்காமல் குச்சியால் அடிக்கிறோம், வைக்கோல் நெருப்பில் காய்ச்சுகிறோம், அவ்வளவு வித்தியாசம். சிங்களப் புத்தாண்டுக்குப் பெண்கள் சுற்றி உட்கார்ந்து அடிக்கிற றபானும் அந்தக் குடும்பம்தான். மிரியாம் கையில் இருந்தால் வேதம், நம்ம சித்தப்பா கையில் இருந்தால் தீட்டா?

இதைத் தமிழ்நாட்டில் ஒருத்தர் துணிந்து செய்தார். ஜேம்ஸ் தியோபிலஸ் அப்பாவு, மதுரை அரசரடியில் உள்ள தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் ஆசிரியர். 2005 இல் காலமானார். பரட்டை அண்ணன் என்றால்தான் அங்கே எல்லாருக்கும் தெரியும். நாட்டுப்புற மெட்டு, பறை, பேச்சுத் தமிழ் மூன்றையும் வைத்து முழு வழிபாட்டு முறையே எழுதினார். எழுதப் படிக்கத் தெரியாத ஆயாவும் சேர்ந்து பாடும்படி இருக்க வேண்டும் என்பது அவருடைய எண்ணம். அவர் திரும்பத் திரும்பச் சொன்னது ஓருலை: ஒரே உலையில் பொங்கி எல்லாரும் ஒன்றாகச் சாப்பிடுவது. பறையையும் ஓருலையையும் அவர் பிரிக்கவே இல்லை. திண்டுக்கல்லில் சகோதரி சந்திரா என்ற கன்னியாஸ்திரீ 1990 இல் ஆரம்பித்த சக்தி கலைக்குழுவில் தலித் பெண்பிள்ளைகளே பறை அடித்து ஆடுகிறார்கள்.

எதிர்ப்பேச்சும் உண்டு, அதையும் மரியாதையோடு கேட்க வேண்டும். ஒரு தாத்தா என்னிடம் சொன்னார்: "ஐயா, எங்க அப்பன் இதை அடிச்சுத்தான் தலை குனிஞ்சு நின்னான். என் பேரன் தொடவே கூடாது." தமிழ்நாட்டிலும் சாவுக்குப் பறை அடிக்க மாட்டோம் என்று நிமிர்ந்து நின்ற ஊர்கள் இருக்கின்றன. அடிமைத்தனத்தின் அடையாளம் என்று ஒருத்தர் தூக்கி எறிந்ததை, கலை என்று சொல்லி மறுபடி அவர் கழுத்திலேயே மாட்டிவிட நமக்கு என்ன உரிமை? பண்பாடு பண்பாடு என்று மேடையில் பேசுகிறவர்கள், தன் மகன் கையில் தப்பைக் கொடுக்கிறார்களா என்று பார்த்தால் விஷயம் விளங்கும்.

நான் கண்ட ஒன்றையும் சொல்கிறேன். ஒரு கோயில், பெயர் வேண்டாம். அறுப்பின் பண்டிகைக்குத் தப்பு அடிக்க வேண்டும் என்று இளைஞர்கள் கேட்டார்கள். கமிட்டியில் இரண்டு கூட்டம் சண்டை. கடைசியில், ஊர்வலத்தில் வாசல் வரை அடிக்கலாம், உள்ளே கூடாது என்று முடிவு. அப்படியே நடந்தது. ஆராதனை முடிந்து மண்டபத்தில் பந்தி போட்டார்கள். தப்பு அடித்த இரண்டு பேருக்கும் சோற்றுப் பார்சலைக் கையில் கொடுத்து வாசலிலேயே அனுப்பிவிட்டார்கள். அதில் ஒருத்தர் அந்தச் சபையிலேயே ஞானஸ்நானமும் திடப்படுத்தலும் பெற்றவர். அடுத்த மாதம் அவர் குடும்பத்தோடு லயத்தில் நடக்கிற வேறொரு ஜெப வீட்டுக்குப் போய்விட்டார். ஆட்டைத் திருடிவிட்டார்கள் என்று கமிட்டியில் கோபம். ஆட்டை வாசலில் நிறுத்தியது யார் என்று ஒருத்தரும் கேட்கவில்லை.

அந்த ஜெப வீட்டில் தப்பு இல்லை, கீபோட்தான். ஆனால் அவருடைய மகன் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறான்.

இதனால்தான் சொல்கிறேன், முதலில் பந்தி, அப்புறம்தான் தப்பு. கொரிந்து பட்டணத்துச் சபைக்குப் பவுல் எழுதிய முதல் நிருபம் 11 ஆம் அதிகாரத்தைப் படித்துப் பாருங்கள். வசதிக்காரர் முந்தி வந்து சாப்பிட்டு முடித்துவிடுவார்கள். வேலை முடித்துப் பிந்தி வருகிற ஏழைக்குப் பசி மிஞ்சும். அதற்குத் திருவிருந்து என்று பெயர் வைக்காதே என்கிறார் பவுல். கொழுந்து நிறுத்துவிட்டு வருகிற நம்ம பெண்களை நினைத்தால் அந்த அதிகாரம் நேற்று எழுதியது போல இருக்கும். இன்னொன்று கலாத்தியர் 2 இல். அந்தியோகியாவில் மற்றச் சாதிக்காரரோடு சாப்பிட்டுக்கொண்டிருந்த பேதுரு, தன் ஆட்கள் வந்ததும் பயந்து எழுந்து விலகிவிடுகிறார். பவுல் எல்லாருக்கும் முன்னால் நேருக்கு நேர் நின்று கேட்கிறார். பந்தியை விட்டு எழுந்தது சுவிசேஷத்தையே விட்டு எழுந்ததற்குச் சமம் என்று எடுத்துக்கொண்டார். நம்ம கமிட்டிகளில் அப்படி எழுந்து கேட்க ஆள் இல்லை. கேட்டால் அடுத்த வருடம் கமிட்டியில் பெயர் இருக்காது.

அடிக்கிறவரை வெளியே நிறுத்திவிட்டுத் தப்பை மட்டும் உள்ளே கொண்டு போனால் அது சோடனை. அடிக்கிறவர் உள்ளே வந்து, பந்தியில் உட்கார்ந்து, கமிட்டியிலும் இருந்து, அதன் பிறகு "நான் அடிக்க மாட்டேன்" என்று சொன்னால் அந்தத் தீர்மானத்துக்கும் தலை வணங்க வேண்டும். அடிக்க விரும்பினால் பீடத்துக்குப் பக்கத்தில் நின்று அடிக்கட்டும். கற்றுக்கொள்ள வருகிற பிள்ளை எந்த வீட்டுப் பிள்ளையாகவும் இருக்கட்டும், பெண்பிள்ளையாகவும் இருக்கட்டும்.

1964 ஒப்பந்தத்தோடு நம்ம பக்கத்தில் இருந்து எத்தனையோ குடும்பங்கள் இந்தியாவுக்குக் கப்பல் ஏறின. தப்பு அடிக்கத் தெரிந்தவர்களும் அதோடு போனார்கள். மிச்சம் இருப்பவர்கள் வயசாளிகள். சாவு அடி வேறு, சாமி அடி வேறு, கூத்து அடி வேறு என்று அவர்களுக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக என் உத்தியோகத்தோடு சேர்ந்த ஒரு பேச்சு. கோயிலில் கீபோட் வாசிக்கிற தம்பிக்கு என்வலப்பில் காசு வைத்துக் கொடுக்கிறோம். தப்பு அடித்தவருக்குப் போத்தல் கொடுக்கிறோம். சாவு வீட்டிலும் அப்படி, திருவிழாவிலும் அப்படி. அந்தப் போத்தல் பிறகு எந்த வீட்டில் போய் எப்படி உடைகிறது என்பதை, இராத்திரி பத்து மணிக்கு என் கதவைத் தட்டுகிற பெண்கள் சொல்லுவார்கள். இந்த நத்தாருக்குத் தப்புக் கூப்பிடுகிற சபைகளும், வரப்போகிற திருவிழாவுக்குக் கூப்பிடுகிற கோயில் கமிட்டிகளும், கூலியைப் பேசிக் காசாகக் கொடுங்கள். கணக்குப் புத்தகத்தில் அவருடைய முழுப் பெயரைப் போட்டுக் கையெழுத்து வாங்குங்கள். எப்படி எழுதுவது என்று தெரியாத கமிட்டிச் செயலாளர்கள் சனிக்கிழமை காலையில் என் ஒபீசுக்கு வரலாம். கொப்பியைக் கொண்டு வாருங்கள், நான் எழுதிக் காட்டுகிறேன்.