அஞ்சு எம்.எல். கொடும்மா



புதுச்சேரியில் வில்லியனூர் ஆனாலும் பாகூர் ஆனாலும், ஆரம்ப சுகாதார நிலையத்து மருந்து ஜன்னலில் தினமும் கேட்கிற பேச்சு இது. "எவ்வளவு கொடுக்கணும் சிஸ்டர்?" "அஞ்சு எம்.எல். கொடும்மா, நாலு வேளை."

சிஸ்டர் சொன்னது சரி. அம்மா கேட்டுக்கொண்டதும் சரி. ஆனால் அந்த 'அஞ்சு' அம்மா மனத்தில் தங்கிவிடுகிறது. மூன்று மாதம் கழித்து மறுபடி காய்ச்சல். இந்த முறை பக்கத்து மெடிக்கலில் வேறு பாட்டில் வாங்குகிறார். அதிலும் பாராசிட்டமால்தான். அதே அஞ்சைக் கொடுக்கிறார்.

கோளாறு அங்கேதான். குழந்தைகளுக்கான பாராசிட்டமால் பல வீரியங்களில் கிடைக்கிறது. ஒரு சிரப்பில் 5 மில்லிக்கு 125 மில்லிகிராம் மருந்து. இன்னொன்றில் அதே 5 மில்லிக்கு 250. கைக்குழந்தைக்கென்று வரும் டிராப்ஸில் பெரும்பாலும் ஒரே மில்லியில் 100. அப்படியானால் 5 மில்லி டிராப்ஸில் 500 மில்லிகிராம். பாட்டில் குட்டியாக இருக்கிறதே, மருந்தும் லேசாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறோம். இருப்பதிலேயே வீரியமானது அதுதான்.

எட்டு கிலோ குழந்தை ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஒரு வேளைக்குக் கிலோவுக்கு அதிகபட்சம் 15 மில்லிகிராம், ஒரு நாளைக்கு நான்கு வேளைக்கு மேல் போகக்கூடாது. எட்டுப் பதினைந்து நூற்றிருபது. இந்த 120 மில்லிகிராம் முதல் சிரப்பில் ஏறக்குறைய 5 மில்லி, இரண்டாவதில் இரண்டரை மில்லிக்குக் கொஞ்சம் குறைவு, டிராப்ஸில் 1.2 மில்லி. டிராப்ஸை 5 மில்லி ஊற்றிவிட்டால் 500 மில்லிகிராம். ஒரு நாள் முழுக்கக் கொடுக்கக்கூடிய 480-ஐ ஒரே மடக்கில் தாண்டியாயிற்று.

இந்தக் கணக்கில் குழந்தையின் வயது எங்கேயும் வரவில்லை, கவனித்தீர்களா? ஒரு வயதுப் பிள்ளைகளில் ஏழு கிலோவும் உண்டு, பதினொரு கிலோவும் உண்டு. அதனால்தான் அங்கன்வாடியில் மாதாமாதம் எடை பார்த்து அட்டையில் குறிப்பதை நான் பெரிதாக மதிக்கிறேன். அந்த அட்டையை மருந்து வாங்கப் போகும்போதும் எடுத்துப் போங்கள். போன வருஷத்து எடை உதவாது.

"அங்கன்வாடியில் வைட்டமின் ஏ சொட்டு மருந்தை வயதைக் கேட்டுத்தானே கொடுக்கிறார்கள்?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஒன்பது மாதத்தில் 1 மில்லி, பிறகு ஐந்து வயது வரை ஆறு மாதத்துக்கு ஒரு முறை 2 மில்லி. பூச்சி மாத்திரையும் அப்படித்தான்: ஒரு வயதிலிருந்து இரண்டு வயது வரை அரை மாத்திரை, அதற்கு மேல் முழு மாத்திரை. எப்போதோ ஒருமுறை கொடுப்பவை என்பதால் வயதே போதும் என்று வகுத்திருக்கிறார்கள்.

அதிலும் அளவுக் கரண்டி மாறினால் வம்புதான். 2001 நவம்பரில் அசாமில் நடந்த வைட்டமின் ஏ முகாமில், வழக்கமான 2 மில்லி கரண்டிக்குப் பதில் 5 மில்லி பிடிக்கும் கோப்பைகளைக் கொடுத்திருந்தார்கள். ஏராளமான குழந்தைகளுக்கு உடம்புக்கு முடியாமல் போனது. சில குழந்தைகள் இறந்ததாகவும் செய்தி வந்தது. அந்த இறப்புகளுக்கு மருந்துதான் காரணமா என்பதில் நிபுணர்களுக்குள் பெரிய சர்ச்சை நடந்தது. ஆனால் கரண்டி மாறியது மாறியதுதான். நம் வீட்டில் பாலாடை, டீ ஸ்பூன், போன பாட்டிலின் மூடி என்று எத்தனை கரண்டிகள்! பாலாடை பால் புகட்டத்தான். மருந்துக்கு அந்தந்தப் பாட்டிலோடு வந்த மூடி அல்லது டிராப்பர். இல்லாவிட்டால் ஊசி இல்லாத சிரிஞ்ச், மெடிக்கலில் கேட்டால் கிடைக்கும்.

வார்டில் நிற்கும் நர்ஸுக்கு இதே கணக்கு இன்னும் நுணுக்கமானது. மூன்று கிலோ பச்சிளங்குழந்தைக்கு டாக்டர் ஜென்டாமைசின் 15 மில்லிகிராம் எழுதுகிறார். கையில் இருப்பது 2 மில்லியில் 80 மில்லிகிராம் உள்ள பெரியவர்களுக்கான ஊசி மருந்து. பதினைந்தை நாற்பதால் வகுத்தால் 0.375 மில்லி. புள்ளி ஓரிடம் நகர்ந்தால் 3.75. பத்து மடங்கு! காதையும் சிறுநீரகத்தையும் கெடுக்கக்கூடிய மருந்து இது. அனுபவமுள்ள சிஸ்டர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. கைக்குழந்தை ஒன்றுக்கு ஒரு வேளை மருந்துக்காக இரண்டாவது குப்பியை உடைக்க வேண்டி வந்தால் கையை நிறுத்திக் கணக்கை முதலிலிருந்து போடுவார்கள். இன்னொரு சிஸ்டரைத் தனியாகப் போடச் சொல்லி, இரண்டு விடையையும் ஒத்துப் பார்ப்பார்கள். அந்த நேரத்தில் "ஏம்மா இவ்வளவு நேரம்?" என்று தயவுசெய்து அவசரப்படுத்தாதீர்கள்.

இருமல் மருந்தைப் பற்றி ஒரு வார்த்தை. இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு இருமல், சளி மருந்துகளை எழுதவே கூடாது என்று மத்திய சுகாதாரத் துறை 2025 அக்டோபரில் அறிவுறுத்தியது. அண்ணனுக்கு வாங்கி மிச்சமிருப்பதைத் தம்பிக்கு ஊற்றுவதற்கு எந்தக் கணக்கும் கிடையாது.

ஆக, ஜன்னலில் நிற்கும்போது 'எத்தனை எம்.எல்.?' என்பதோடு விடாமல், 'இந்தப் பாட்டிலில் எம்.ஜி. எவ்வளவு சிஸ்டர்? இவன் எடைக்கு எவ்வளவு?' என்றும் கேளுங்கள். பதிலைப் பாட்டில் மேலேயே பேனாவால் எழுதித் தரச் சொல்லுங்கள்.

பாராசிட்டமால் கூடுதலாகப் போய்விட்டது என்று தெரிந்தால், குழந்தை சிரித்து விளையாடுகிறதே என்று காத்திருக்க வேண்டாம். ஈரல் பாதிப்பு வெளியே தெரிய ஒன்றிரண்டு நாள் ஆகும். மாற்று மருந்தோ எட்டு மணி நேரத்துக்குள் கொடுத்தால்தான் நன்றாக வேலை செய்யும். தொண்டையில் விரலை விட்டு வாந்தி எடுக்க வைக்காதீர்கள். 108-ஐ அழையுங்கள். எல்லைப்பிள்ளைச்சாவடி அரசு மகளிர், குழந்தைகள் மருத்துவமனைக்கோ ஜிப்மருக்கோ போகும்போது அந்தப் பாட்டில், ஊற்றிய மூடி இரண்டையும் கையோடு கொண்டு போங்கள். எத்தனை மணிக்குக் கொடுத்தீர்கள் என்று முதலில் கேட்பார்கள்.