தொழில் நேசமும் நோயாராய்ச்சியும்

(சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



ஜவுளித் தொழிலோர் கூடி அளவளாவும் மாலை விருந்தொன்றை நம் சங்கத்தின் ஆதரவில் நடத்தி, அதிற் சேரும் பொருளை மருத்துவ ஆராய்ச்சிக்கு அளிக்கலாமென்னும் தீர்மானம் இன்று தங்கள் முன் வரவிருக்கின்றது. அதனைக் குறித்துச் சில சொல்லுமாறு காரியதரிசியவர்கள் பணித்தார்கள்.

நம் முன்னோர் சத்திரங்களுக்கும் பாடசாலைகளுக்கும் வாரி வழங்கியவர்கள். அவை கண்ணுக்குத் தெரியும் அறங்கள். கல்லிற் பெயர் பொறிக்கவும் இடந்தருவன. ஆராய்ச்சியோ அத்தகையதன்று. பல்லாண்டு பொருள் செலவிட்டபின், ‘இவ்வழியிற் பயனில்லை’ என்னும் அறிவு ஒன்றே கிடைத்தலுமுண்டு. ஆதலின் அதற்குக் கொடுப்பார் அரியர். ஆயினும், மருத்துவமனை தன்பால் வந்தாரைக் காக்கும். புதிதாய்க் கண்ட மருந்தோ இனிப் பிறக்கும் குழந்தைகளையும் காக்கும்.

இதற்குச் சான்றாக, அமெரிக்க நாட்டுப் பாஸ்டன் நகரில் நிகழ்ந்ததொன்றைக் கூறுவேன். அங்கே சிட்னி பார்பர் என்னும் மருத்துவர் குழந்தைகளின் இரத்தப் புற்றுநோய்க்கு மருந்து தேடிக்கொண்டிருந்தார். அக்காலத்தில் அந்நோய் கண்ட குழந்தை சில மாதங்களில் இறந்துபடும். 1948ஆம் ஆண்டில், தாம் ‘அமினோப்டெரின்’ என்னும் மருந்தைக் கொடுத்த 16 குழந்தைகளில் 10 பேருக்கு நோய் தணிந்ததென அவர் வெளியிட்டார். ஆனால் அத்தணிவு சிறிது காலமே நின்றது. மேலும் ஆராயப் பெரும்பொருள் வேண்டியிருந்தது.

அப்பொழுது அவருக்குத் துணைநின்றவர் யாவர்? ‘வெரைட்டி கிளப்’ என்னும் சங்கத்தார். அவர்கள் பண்டிதரல்லர்; படக்கொட்டகை நடத்துவோரும் அத்தொழிலைச் சார்ந்தோருமாவர். தொழில் நட்பின் பொருட்டுக் கூடியவர்களே 1947இல் பார்பருடன் சேர்ந்து ஆராய்ச்சி நிதியொன்றை நிறுவினர். 1948 மே 22ஆம் நாள், 12 வயதுடைய நோயாளிச் சிறுவனொருவனை ‘ஜிம்மி’ என்னும் புனைபெயரால் வானொலியிற் பேசுவித்தனர். அவன் விரும்பிய பந்தாட்ட வீரர்கள் அவன் படுக்கையருகே வந்து நின்றனர். ஆட்டங்காண ஒரு டெலிவிஷன் பெட்டி வேண்டுமென்பதே அவன் ஆசை. அதனைக் கேட்டோர் மனமுருகி அனுப்பிய பணம் அவ்வாண்டில் 2,31,000 டாலரைக் கடந்தது. அச்சிறுவன் 2001ஆம் ஆண்டுவரை வாழ்ந்தான். இன்று, நல்ல வசதியுள்ள நாடுகளில், குழந்தைகளுக்கு மிகுதியாய் வரும் இரத்தப் புற்றுநோய் வகையில் 10 பேரில் ஏறக்குறைய 9 பேர் பிழைக்கின்றனர்.

நிற்க. ‘நம் குலத்துப் பொருள் பிறர்க்குச் செல்வதா? விருந்துக்கு ஏனையோரையும் அழைப்பதா?’ என்று நம்முள் சிலர் வினவக் கேட்டேன். அவர்கட்கு என் விடை இது: பார்பர் கையாண்ட அம்மருந்து, எல்லாப்பிரகட சுப்பாராவ் தலைமையில் லெடர்லி ஆய்வுக்கூடத்தில் ஆக்கப்பட்டது. அவர் 1895இல் பீமவரத்திற் பிறந்து, நம் சென்னை மருத்துவக் கல்லூரியிற் பயின்றவர். அவர் கடல்கடந்து செல்லத் துணைசெய்தவற்றுள் ஒன்று, காக்கினாடையில் மல்லாடி சத்தியலிங்க நாயக்கர் என்னும் வணிகர் பெயரால் நடைபெற்ற தருமம். அத்தருமம் குலமென்னும் வேலியிட்டுக் கொண்டிருந்தால் என்னாவது? ஒரு வணிகர் வைத்த பொருள் ஒரு மாணவரைத் தாங்கிற்று; அம்மாணவரின் உழைப்பு எங்கோ இருந்த குழந்தைகளைத் தாங்கிற்று. நம் தொழிலிலும், நூல் ஒருவர் விற்க, மற்றொருவர் சாயந்தோய்க்க, வேறொருவர் நெய்ய, லாரிக்காரர் ஏற்றிச்செல்ல, இவ்வாறன்றோ ஒரு புடவை உருவாகின்றது? வாணிகத்தில் இல்லாத வேலி அறத்தில் எதற்கு?

இனி நடத்தும் முறை. முதலாவது, மண்டபம், சிற்றுண்டி, அச்சுக்கூலி முதலிய செலவனைத்தையும் சிலர் முன்னரே ஏற்றுக்கொள்ள வேண்டும். சீட்டு விற்ற ஒவ்வொரு ரூபாயும் குறைவின்றி ஆராய்ச்சிக்குச் சேரவேண்டும். இரண்டாவது, பல காரியங்களுக்குப் பங்கிடாது, ஒரு நிலையத்தின் ஒரு குறித்த ஆராய்ச்சிக்கே கொடுக்கவேண்டும். தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையாரின் முயற்சியால், 1954இல் 12 படுக்கைகளுடன் தொடங்கிய அடையாற்றுப் புற்றுநோய் நிலையம் போன்றன நம் அருகிலேயே உள்ளன. மூன்றாவது, மாலைகளும் வாழ்த்துரைகளும் வேண்டா. ஆராய்ச்சி செய்பவரே கால்மணி நேரம், தாம் தேடுவது யாதென்று எளிய சொற்களில் விளக்கட்டும். எஞ்சிய பொழுது வந்தோர் ஒருவரையொருவர் அறிந்து, தொழில் பேசி, நட்புக் கொள்ளட்டும். புதிய வாடிக்கை கிடைத்தவர் அடுத்த ஆண்டு அழையாமலே வருவார். நான்காவது, வரவுசெலவுக் கணக்கை அடுத்த மாதமே நம் இதழில் அச்சிட வேண்டும். கணக்கு வெளிவராத அறத்திற்கு இரண்டாம் முறை எவரும் கொடார்.

அன்பர்களே! இதில் நம் பெயர் எக்கல்லிலும் நில்லாது. என்றோ ஒருநாள், எவர் வீட்டிலோ, பிழையாதென்று கைவிடப்பட்ட ஒரு குழந்தை எழுந்து பள்ளிக்குச் செல்லும். அதன் பெற்றோர் நம்மை அறியமாட்டார்கள். அதனை அறிந்தே கொடுப்போமாக. தீர்மானத்தை ஒருமனதாக நிறைவேற்றுமாறு வேண்டி அமர்கின்றேன்.